மேட்டுக்காலனியில் ஒரு புள்ளி

— அந்தப் பாத்திரத்தை அப்படியே வெச்சுட்டு இப்படி வந்து உக்காரு அக்கா. ஒரு முக்கியமான விஷயம் பேசணும்.

— உக்காந்தா யாருடீ மூட்டை கட்டறது? லாரிக்காரன் வந்து ஹாரன் அடிச்சா நீயா தூக்கிக் குடுப்ப? வாயால பேசு, கையால தட்டுக்குப் பேப்பர் சுத்து. ரெண்டும் சேந்து வராதா உனக்கு?

— மாமா, நீங்களாவது சொல்லுங்க.

— நான் சொல்லி உங்க அக்கா எந்தக் காலத்துல கேட்டிருக்கா? இந்த வீட்டைக் காலி பண்ணணும்னு பத்து வருஷமா தலைகீழா நின்னவ. இன்னிக்குத்தான் காலி பண்றோம். குறுக்க நிக்காதே மகாராணி, மிதிச்சுட்டுப் போயிடுவா.

— அதான் பாரேன். பத்து வருஷம் கெஞ்சினேன்டீ. மேட்டுக்காலனியில சொந்தமா வீட்டைக் கட்டிப் பூட்டி வெச்சுட்டு, இந்தக் கம்பெனி வீட்டுல கரியைத் தின்னுக்கிட்டு இருக்கோமேன்னு. இந்த மனுஷன் அசையணுமே. "சர்வீஸ் முடியட்டும், சர்வீஸ் முடியட்டும்"னு ஒரே பாட்டு. போன மாசம் திடீர்னு வந்து, "விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டேன், கிளம்பு போகலாம்"ங்கறார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

— அந்த மேட்டுக்காலனிக்குத்தான் போக வேண்டாம்னு சொல்ல வந்தேன் அக்கா.

— என்னடீ சொல்ற?

— விளையாட்டுக்குச் சொல்லலை. என் மேப் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் வெக்கறேன். அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் பாத்துடணும். வெளியில காட்டக் கூடாதுதான். உங்களுக்காகக் கொண்டு வந்தேன்.

— ரெண்டு வருஷமா வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போனியே, அந்த மேப்பா? காட்டு காட்டு. இந்தா, லேப்டாப்பைத் தரையில வெக்காதே. காலையிலதான் பெருக்கினேன், அதுக்குள்ள விரலை வெச்சா கறுப்பா வருது பாரு. அந்தத் துணி மூட்டை மேல வை. அது இல்லை, அந்தப் பக்கத்து மூட்டை. இதுல தலகாணி உறையெல்லாம் இருக்கு, இதை யாரும் தொட வேண்டாம். நானே கட்டிக்கறேன்.

— தலகாணி உறையில என்ன தங்கமா வெச்சிருக்க அக்கா?

— ஆமா, அப்படியே உங்க மாமா வாங்கிக் குடுத்துட்டார். மேப்பைக் காட்டுடீ.

— இது நடுவுல உருக்காலை. இது சிம்னி. ஆலையைச் சுத்தி இருக்கற இடத்துல யார் யாருக்குப் புற்றுநோய் வந்திருக்குன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கிச் சேத்தது இதெல்லாம். பேர் இருக்காது. தெரு வரைக்கும் விலாசம், வயசு, ஆணா பொண்ணா, உடம்புல எந்த இடத்துல நோய், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி.

— நான் ஓட்டற கிரேன் மேல உக்காந்து பாத்தா எங்க ஆலை இப்படித்தான் தெரியும். அதோ அந்த வளைவு, கரி ஏத்தற இடம். அச்சு அசலா இருக்கே மகாராணி.

— நீங்க கிரேன்லேருந்து இறங்குங்க மாமா. இங்க பாருங்க. ஆலைச் சுவரை ஒட்டி இருக்கே, இதெல்லாம் உங்க கம்பெனி வீடுங்க. நாம இப்ப உக்காந்திருக்கற லைன் இது.

— ஒண்ணுமே இல்லையேடீ. வெள்ளையா இருக்கு.

— ஒரு புள்ளிகூட இல்லை. இப்ப இந்தப் பக்கம் வா. ரயில்பாதை தாண்டி, மேடு. மேட்டுக்காலனி.

— ஐயோ. அம்மை போட்ட முதுகு மாதிரி இருக்கே.

— அதனாலதான் ஓடி வந்தேன். சிம்னி ரொம்ப உசரம், புகை பக்கத்துல இறங்காம தாண்டிப் போய் மேட்டுல முட்டுதுன்னு எங்க ஆபீஸ் பெரியவர் சொல்றார். கம்பெனிக்காரங்களுக்கு எப்படியோ காதுல விழுந்து ஏக சந்தோஷம். "எங்க ஆளுங்க எங்க சுவரை ஒட்டித்தான் குடியிருக்காங்க, அவங்களுக்கே ஒண்ணும் இல்லை பாருங்க"ன்னு இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க.

— அப்ப இந்தக் கரிக்கு என்ன கணக்கு? நான் வெளியில வெள்ளைத் துணி காயப்போட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? காயப்போடற கொடியைத் துடைச்சுட்டுத் துணி போடறேன், எடுக்கும்போது துணியை உதறிட்டு எடுக்கறேன், அப்புறம் மறுபடி அலசறேன். இதெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னா உங்க மேப் சொல்லுது?

— மேப் அப்படித்தான் சொல்லுது அக்கா, நான் என்ன பண்ண? புற்றுநோய் இருக்கான்னு பரிசோதனை பண்ற வண்டி எங்க ஆபீஸுக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்திருக்காங்க. எக்ஸ்ரேயிலேருந்து எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். எங்க புள்ளி அதிகமோ அங்கதான் நிறுத்துவாங்க. அது மேட்டுக்காலனிக்குப் போயிடும், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.

— போகட்டும் விடு. நாங்க எங்க போறோமோ அங்கயே வண்டியும் வருது. நல்லதாப் போச்சு.

— சிரிக்காதீங்க மாமா. உங்க புதுத் தெருவுலயே ஒரு புள்ளி இருக்கு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, கடைசித் தெரு. போன மாசம்தான் வந்து சேந்தது. அதைப் பாத்ததுலேருந்து எனக்குச் சரியாத் தூக்கம் இல்லை.

— எங்க தெருவுலயா? அங்க யாருடீ இருக்கா? எங்க வீடு ஒண்ணு, பூட்டிக் கிடக்கு. எதிர்ல கூரை போடாம நிக்கற வீடு ஒண்ணு. நாய்கூட இன்னும் குடி வரலை.

— யாராவது கொத்தனாரா இருப்பான். இந்தப் பெட்டிக்கு இன்னொரு சுத்து கயிறு போடணும், வாய் பிளந்துக்கிட்டு நிக்குது பாரு.

— கொத்தனார்னா அவர் தன் வீட்டு விலாசத்தைத்தானே குடுப்பார் மாமா? வேலை பாக்கற இடத்தையா குடுப்பார்?

— விடு விடு. எழுதறவன் கை தவறி எழுதியிருப்பான். டீ போடட்டா?

— நீங்க உக்காருங்க. இந்த இருமலை வெச்சுக்கிட்டு அடுப்புகிட்ட நிக்க வேண்டாம். மேட்டுக்காலனிக் காத்து பட்டாச் சரியாப் போயிடும்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், இவ வந்து குண்டைத் தூக்கிப் போடறா. டீயை நான் போடறேன். அடுக்களையிலேருந்தே கேக்கும், நீ பேசு.

— இந்த அட்டைப்பெட்டியெல்லாம் எங்க பிடிச்ச அக்கா? நல்லா கெட்டியா இருக்கே.

— அதுவா, பக்கத்து வீட்டு வெல்டர் காலி பண்ணும்போது எனக்குன்னு குடுத்துட்டுப் போனாங்க. அவங்க போகும்போது மிச்சம் விழுந்தது. பாவம், நல்ல மனுஷன்.

— பாவம்னா? அவருக்கு என்ன?

— உனக்குத் தெரியாதா? நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. தொண்டையில கட்டி. பேச்சே நின்னு போச்சு. மேட்டுக்காலனியில தம்பி வீட்டு மாடிக்குப் போயிட்டாங்க. அங்கேருந்து பெரிய ஆஸ்பத்திரி ரெண்டு எட்டுதானே.

— ஒரு நிமிஷம் அக்கா. மேட்டுக்காலனிக்குப் போன அப்புறம் வந்துச்சா?

— முன்னாடியேதான்டீ. வந்ததாலதான் போனாங்க. சர்க்கரை கம்மியாப் போடட்டா உனக்கு?

— போடு. வேற யாராவது அப்படிப் போயிருக்காங்களா?

— ஏன், கேன்டீன் மேஸ்திரி போகலையா? கடைசி வீடு. எப்பப் பாத்தாலும் உன்னை "என்ன புலவரே"ன்னு கூப்பிடுவாரே. அவருக்கு ரத்தத்துல. அவங்களும் மேட்டுக்காலனிதான். அப்புறம் அந்தக் குட்டைச் செக்யூரிட்டியோட சம்சாரம். அவர் இங்கயேதான் வேலை பாத்தார், அந்தம்மாவை மட்டும் ஆஸ்பத்திரி பக்கம்னு மேட்டுக்காலனியில அவங்க அக்கா வீட்டுல விட்டு வெச்சிருந்தார். கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தாங்க. இந்தா, டீ. சூடா இருக்கு.

— மாமா, உடம்பு முடியாமப் போனா இந்த வீட்டுல இருக்க விட மாட்டாங்களா?

— இது வேலை பாக்கறவனுக்குக் குடுக்கற வீடும்மா. வேலைக்கு லாயக்கில்லைன்னு கம்பெனி டாக்டர் எழுதிட்டா சாவியைக் குடுத்துடணும். அடுத்த வாரமே வெள்ளையடிச்சுப் புதுசா ஒருத்தனைக் குடி வெச்சுடுவாங்க. நல்லா நெஞ்சு அகலமா, திடகாத்திரமா ஒருத்தன். டீயைக் குடி, ஆறுது.

— அப்ப இங்க எப்பவும் நல்லா இருக்கறவங்கதான் இருப்பாங்க.

— ஆமா. அதுல என்ன?

— நோய் வந்ததும் வெளியில அனுப்பிடறீங்க. அவங்க போய் ஆஸ்பத்திரியில மேட்டுக்காலனி விலாசத்தைக் குடுக்கறாங்க. அப்புறம் எப்படி மாமா இந்த இடத்துல புள்ளி விழும்?

— ஏண்டீ, முகம் ஏன் இப்படிப் போச்சு?

— ரெண்டு வருஷம் அக்கா. ஒவ்வொருத்தருக்கும் "எங்க இருக்கீங்க"ன்னு பாத்துப் பாத்துக் குறிச்சேன். "எங்க இருந்தீங்க"ன்னு ஒருத்தரைக்கூடக் கேக்கலை. மேட்டுல இருக்கற புள்ளியெல்லாம் இந்த லைன்லேருந்து போனதாத்தான் இருக்கணும். அதை நாளைக்குக் கொண்டு போய், இந்த இடம்தான் சுத்தம்னு நானே சொல்ல இருந்தேன்.

— நீ இங்கதானேடீ வளந்த? அம்மா போனதுலேருந்து ஹாஸ்டலுக்குப் போற வரைக்கும் இந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்துதானே படிச்ச? யார் போனா, யார் வந்தான்னு உனக்குத் தெரியாதா?

— படிச்சேன் அக்கா. ஜன்னலுக்கு வெளியில பாக்கவே இல்லை.

— அவளைப் போட்டுக் குடையாதே. இன்னும் வெக்கலை இல்ல? மாத்திக்கலாம். மேட்டுக்காலனியில வீடு வீடாப் போ. அந்த வெல்டர் சம்சாரம் உன்னைப் பாத்தா விடவே மாட்டாங்க, எல்லாம் சொல்லுவாங்க.

— நாளைக்கு இல்லை, தள்ளிப் போடணும்னு சொன்னா பெரியவர் என்னை உயிரோட தின்னுடுவார் மாமா.

— தின்னட்டும். உன் உடம்புல என்ன இருக்கு, எலும்புதான். பல்லு போயிடும் அவருக்கு.

— பாத்தீங்களா, சிரிச்சுட்டா. அப்ப நான் புது வீட்டுக்குப் போகலாமா, கூடாதா? அதைச் சொல்லுடீ முதல்ல.

— போகலாம் அக்கா. மேட்டுக்காலனி மேல ஒரு தப்பும் இல்லை போலிருக்கு. எப்பவோ போயிருக்கணும் நீங்க.

— அப்பாடா. வயித்துல பாலை வார்த்த. எல்லா ஜன்னலுக்கும் வெள்ளைத் திரை தெச்சு வெச்சிருக்கேன், தெரியுமா? வெள்ளைன்னா வெள்ளை, ஒரு பூ கிடையாது, ஒரு கோடு கிடையாது. காலையில எழுந்து அதை விலக்கி விட்டுட்டு இவருக்கு டீ குடுக்கணும். அது ஒண்ணுதான் ஆசை. சரி, கயிறு பத்தாது. எதிர் வீட்டு நர்ஸம்மாகிட்ட கொஞ்சம் வாங்கிட்டு வந்துடறேன். அவங்ககிட்ட சொல்லிக்கவும் இல்லை இன்னும். நீங்க எதையும் தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

— சரி சரி, போயிட்டு வா.

— மாமா.

— ம்.

— உங்களுக்கு சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்குல்ல?

— இருக்கு. அதனால என்ன? உங்க அக்கா ஆசைப்பட்டா. இத்தனை நாள் ஒரு ஆசையையும் நான் தீத்து வெச்சதில்லை.

— வேலை இருக்கற வரைக்கும் யாரும் இந்தச் சாவியைக் குடுக்கறது இல்லை, மாமா. உடம்பு முடியாதவங்கதான் குடுக்கறாங்க. இப்ப நீங்களே சொன்னீங்க.

— இந்தா, அந்தக் கண்ணாடி டம்ளரைத் துணியில சுத்து. உடையப் போகுது.

— அந்தத் தெருவுல உங்க வீட்டைத் தவிர குடியிருக்க வீடே இல்லை. அந்தப் புள்ளி ஆம்பளை. நுரையீரல். உங்க வயசு.

— பேர் இருக்காதுன்னியே.

— பேர் இல்லை மாமா.

— அப்ப நல்ல மேப்தான்.

— உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுதேன்னு பயந்து அந்தப் புள்ளியையே பாத்துக்கிட்டு இருந்தேன். போகாதீங்கன்னு சொல்லத்தான் ஓடி வந்தேன். அந்தப் புள்ளியே நீங்கதானா?

— அழாதே. சத்தம் வெளியில போகும். இந்த விலாசத்தைக் குடுத்தா ஆஸ்பத்திரித் தபால் இங்க வரும், உங்க அக்கா கையில கிடைக்கும். அதனால புது வீட்டைக் குடுத்தேன். அது உன் மேப்பில வந்து நிக்கும்னு எனக்கு என்ன தெரியும்?

— டாக்டர் என்ன சொன்னார்?

— ஒரு பக்கம்தான், பாக்கலாம்னார். ரொம்ப முத்தலையாம். அடுத்த வாரத்துலேருந்து ஊசி. அதுக்கு மேல அவரும் சொல்லலை, நானும் கேக்கலை.

— அக்காவுக்கு எப்ப சொல்லப் போறீங்க?

— ஊசி போட ஆரம்பிச்சா தானாத் தெரிஞ்சுடும். அதுக்குள்ள அந்த வெள்ளைத் திரையை மாட்டட்டும். நாலு நாளாவது அந்த வீட்டுல சந்தோஷமா இருக்கட்டும். அவ சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இந்த மாசம்தான் அப்படிச் சிரிக்கறா. அதை என் கையால கெடுக்க மனசு வரலை.

— உங்க புள்ளியை நான் என்ன மாமா பண்றது? அழிச்சுடட்டுமா?

— எதுக்கு அழிக்கணும்? நான் எங்க மூச்சு விட்டேனோ அங்க வை. இந்த வீட்டு மேல வை. அந்த வண்டி இந்த லைனுக்கு வரணும். புதுசா வந்திருக்கற பசங்க எல்லாம் சாவி போயிடும்னு வெளியில தெரியாம இருமிக்கிட்டு இருக்கானுங்க. வண்டி வந்தா முதல் ஆளாப் போய் நீ நில்லு.

— நானா?

— நீயும் இங்கதானே வளந்த. இந்த ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தானே படிச்ச. என்னைப் பத்தி எனக்குப் பயம் போயிடுச்சு. உன்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

— வெக்கறேன் மாமா. இதோ, வெச்சுட்டேன். அக்கா பாத்துட்டுக் கேட்டா?

— பக்கத்து வீட்டு வெல்டர்னு சொல்லு. கண்ணைத் துடை, செருப்புச் சத்தம் கேக்குது.

— என்னங்க, லாரிக்காரன் தெருமுனையில நின்னுக்கிட்டு வழி தெரியாம முழிக்கறானாம். நர்ஸம்மா பையன் சொன்னான். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. மெதுவாப் போங்க, ஓட வேண்டாம். வழியைக் காட்டினாப் போதும், சாமானை அவனுங்க ஏத்திக்குவானுங்க.

— இதோ போறேன். பாத்தியா மகாராணி, உங்க அக்கா உத்தரவு மேல உத்தரவு போடறா. புது வீட்டுக்குப் போனா எப்படியோ.

— போங்க, போங்க. ஏண்டீ, கண்ணு ஏன் செவந்திருக்கு?

— தூசி அக்கா. கரி.

— இந்த வீட்டுல அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. மேப்பை மூட மறந்துட்ட பாரு. இது என்ன, வெள்ளையில ஒரு புள்ளி வந்திருக்கு? முன்னாடி இல்லையே.

— இப்பதான் வெச்சேன். பக்கத்து வீட்டு வெல்டர் அக்கா. இங்கேருந்து போனவராச்சே, அவரை முதல்ல மாத்தினேன்.

— வெல்டர் வீடு இந்தப் பக்கம்டீ. இது நம்ம வீடு.

— அப்படியா? தள்ளி வெக்கட்டுமா?

— வேண்டாம். சரியான இடத்துலதான் வெச்சிருக்க.

— அக்கா...

— அவர் தலகாணி உறையைத் துவைக்கறது யாருடீ? கரி எது, ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில இவரைப் பாத்ததை நர்ஸம்மா என்கிட்ட சொல்லி ஒரு மாசம் ஆகப் போகுது. இப்பவும் அவங்க தோள்ல சாஞ்சு அழுதுட்டுத்தான் கயிறு வாங்கிட்டு வர்றேன்.

— அப்புறம் ஏன் அக்கா இவ்வளவு நேரம் திரை, காத்துன்னு...

— லாரி வருது, முகத்தைத் துடை. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே. புது வீடு புது வீடுன்னு நான் குதிக்கறதைப் பாத்துத்தான் அந்த மனுஷன் ரெண்டு வாய் சாப்பிடறார்.